எடை மேடைக்கு வந்த சீர்வரிசை

இதை எழுத உட்காருவதும், அம்மன் படத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைப்பதுமாகப் பல வருஷம் ஓடிவிட்டது. தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டர் விஷயம் எழுத நான் யார் என்று ஒரு தயக்கம். இதில் என் மாமனார் வீட்டுச் சங்கதியும் கலந்திருக்கிறது; எழுதினால் வீட்டில் சோறு கிடைக்குமா என்று இன்னொரு தயக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, அம்மனையும் லினக்ஸையும் ஒரே தாளில் எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்ற பயம். போன வெள்ளிக்கிழமை என் மனைவியே சொல்லிவிட்டாள்: "எழுதித் தொலைங்களேன். பாக்கற ஆளுங்களுக்கெல்லாம் வாயால சொல்லிகினு தான கீறீங்க? ஒவ்வொரு தபா சொல்லும்போதும் அந்த பீரோ ஒரு அடி வளருது."

அந்த வார்த்தைக்காகவே எழுதுகிறேன், பீரோவின் சரியான அளவோடு.

லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் சமாசாரம்தான் விஷயம். ஆனால் பீரோவில் தொடங்கினால்தான் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் திருவொற்றியூரில் ஓர் ஒற்றை அறை போர்ஷனில் குடியிருந்தேன். மனைவியின் தாய்வீடு ராயபுரம் கல்மண்டபத்தில். மாமனாருக்குக் காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துப் போடும் வியாபாரம். கை எப்போதும் ஐஸில் இருந்தாலும் மனிதர் எப்போதும் சூடு. "எம் பொண்ணு வெறுங்கையோட வந்துச்சுன்னு எந்த பேமானியும் பேசக்கூடாது" என்று சொல்லிச் சொல்லியே சீர் அனுப்பினார். மீன் கூடை ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளைக் கழுவி, மஞ்சள் தெளித்து, குங்குமம் வைத்து, மேளத்தோடு அனுப்பியிருந்தார். மீன் வாசனை மட்டும் மேளத்துக்கு அடங்கவில்லை. கட்டில், கிரைண்டர், ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற பித்தளை அண்டா, எல்லாவற்றுக்கும் தலைவனாக ஆளுயரக் கண்ணாடி பதித்த ஸ்டீல் பீரோ. உயரம் ஆறரை அடி. நானே அளந்தேன்.

பீரோ உள்ளே நுழைந்ததும் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். இருவரும் ஒரே நேரத்தில் அறைக்குள் இருக்க வேண்டுமானால் ஒருவர் கட்டில்மேல் ஏறிவிட வேண்டும். பக்கத்துப் போர்ஷன்காரர்கள், "புது மாப்பிள்ளைக்கு அது ஒரு கொறையா?" என்று கேலி பேசினார்கள். எனக்கு வேறு குறை. காலையில் குளித்து, அம்மனுக்குக் கற்பூரம் காட்டி, தரையில் விழுந்து கும்பிடுவது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பழக்கம். இப்போது விழுவதற்குத் தரை இல்லை. சரி, நின்றே கும்பிடலாம் என்றால் எதிரே பீரோக் கண்ணாடி. கண்ணைத் திறந்தால் என்னை நானே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

பொறுத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு மீன்பாடி வண்டியைக் கூப்பிட்டு, பீரோவை மாமனார் வீட்டிலேயே போட்டு வைக்கலாம் என்று ஏற்றினேன். கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். கையில் குங்குமப் பொட்டலத்தோடு வண்டியில் ஏறி, பீரோவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாம்மா இது? எறங்கு."

"பீரோ எங்க வூட்டுப் பொருளு. அது திரும்பிப் போனா நானும் திரும்பிப் போறேன்னு தான் அர்த்தம். நீ வண்டிய எடுப்பா."

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "நைனா, பீரோவுக்குத் தான வாடகை பேசுனோம்? அக்கா தனியா, இல்ல பீரோவோட செட்டா?"

"செட்டு" என்றாள் அவள். வண்டி போய்விட்டது.

அந்தச் சனியும் ஞாயிறும் எனக்குத் தாராளமாகத் தரை கிடைத்தது. விழுந்து விழுந்து கும்பிட்டேன். மனசுதான் அதில் ஒட்டவில்லை. திங்கட்கிழமை பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு கல்மண்டபம் போனேன். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாவிடம் பேசி வழி சொன்னவள் அவள்தான். "பீரோ இங்கயே கெடக்கட்டும் நைனா. அது என்னுது தான். சாவிய மட்டும் நான் எடுத்துகினு போறேன்." சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டு என்னோடு வந்தாள். பீரோ அங்கே, சாவி இங்கே. எந்தப் பேமானியும் எதுவும் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பீரோவை வண்டியிலிருந்து இறக்கி வைத்தவன் அவளுடைய தம்பி, என் மச்சான். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், ஒரு எடை மேடையில். லாரி காலியாக வந்து மேடையில் ஏறும், எடை பார்ப்போம். கம்பியோ தகடோ ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறும், எடை பார்ப்போம். கழித்துச் சீட்டு எழுதித் தருவேன். முதலாளி தெற்கே திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. சாமி விஷயத்தில் அவரும் என் மாதிரியேதான். காலையில் முதல் லாரிக்கு முன்னால் மேடைக்கு ஊதுவத்தி காட்டாமல் மீட்டரைப் போட விடமாட்டார்.

மச்சான் படிப்பை முடித்து வேலையில்லாமல் இருந்தான். மாமனார் கெடு வைத்துவிட்டார்: "ஆயுத பூஜைக்குள்ள ஒரு எடத்துல ஒயுங்கா நில்லு. இல்லாங்காட்டி எங்கூட ஐஸ் ஒடைக்க வந்துடு." மச்சானுக்கு ஐஸைப் பார்த்தாலே தும்மல் வரும். ஐஸ் என்று எழுதிய பலகையைப் பார்த்தால்கூட மூக்கைத் தேய்ப்பான். அவன் என்னிடம் ஓடி வந்தான். மீட்டரில் வரும் எடையைக் கம்ப்யூட்டரே வாங்கி, கழித்து, சீட்டு அச்சடிக்கும்படி ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். அது லினக்ஸில் ஓடும் என்றான்.

"லினக்ஸ்னா இன்னாப்பா?"

"அன்னதானம் மாதிரி மாமா. யார் வேணா எடுத்துக்கலாம், யாருக்கு வேணா குடுக்கலாம், புடிச்ச மாதிரி மாத்திக்கலாம். ஒருத்தனும் கேக்கமாட்டான்."

அன்னதானம் என்று சொன்ன பிறகு நான் எப்படி மறுப்பேன்? அண்ணாச்சியிடம் பேசினேன். அவர் யோசித்தார். பிறகு மேடையின் நடுவில் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தச் சொன்னார்.

"எடையில ஒரு கிலோ கூடாது, கொறையாது, மெஷினும் நிக்காதுன்னு கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணும் வே."

"எடைக்குப் பண்றேன் அண்ணாச்சி. நிக்காதுன்னு பண்ணமாட்டேன். கரண்டு என் கைல இல்ல."

"அதுவுஞ் சரிதான். எடைக்கு மட்டும் அடியும்."

அடித்தேன். உள்ளங்கை சுட்டது. "ஆயுத பூஜை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள லாரிய நிக்க வெச்சான்னா பெட்டியும் வெளிய, உம்ம மச்சானும் வெளிய" என்றார் அண்ணாச்சி. ஆக, மாமனார் வைத்த கெடுவும் அதுதான், அண்ணாச்சி வைத்த கெடுவும் அதுதான். மச்சானின் பிழைப்பு முழுக்க அந்த ஒரு மேடையில் ஏறி நின்றது.

அண்ணாச்சியும் மச்சானும் போய் ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார்கள். அதன் ஹார்டு டிஸ்க், அதாவது எல்லாவற்றையும் போட்டு வைக்கிற அறை, மிகச் சின்னது. எங்கள் போர்ஷன் மாதிரி. மச்சான் சந்தனம் குங்குமம் வைத்து, சி.டி.யைப் போட்டு ஏற்றினான். அப்போதுதான் எனக்கு விளக்கினான். லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பொட்டலமாக வரும். பொட்டலத்தின் முகப்பில், இது வேலை செய்ய இன்னின்ன கட்டாயம் வேண்டும் என்று எழுதியிருக்கும். லினக்ஸ் அதைப் படித்துவிட்டு அவற்றையும் தானே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்கும். எனக்கு அது மிகவும் மரியாதையான ஏற்பாடாகப் பட்டது.

ஏறிக்கொண்டே இருந்தது. நான் டீ குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ பெரிசா உன் புரோகிராமு?"

"என்னுது தம்மாத்துண்டு தான் மாமா. கூட வர்றதுங்க தான் இதெல்லாம்" என்றான் பெருமையாக.

கூட வந்ததுகள் யார் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. சீட்டு ஜம்மென்று அச்சாகி வந்தது. டிரைவர்கள் அதைத் தடவிப் பார்த்தார்கள். எடை ஒரு கிலோ மாறவில்லை. தினமும் அம்மனுக்கு நன்றி சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை. பூஜையன்று மேடைக்கு லீவு என்பதால் சரக்கையெல்லாம் அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும் என்று மார்க்கெட்டே அலைமோதியது. முதல் லாரி ஏறியது. எடை வந்தது. பட்டனைத் தட்டினேன். பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை. திரையில் இங்கிலீஷில் ஏதோ எழுதி வந்தது; இடமில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மாமனார் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு மச்சானை வரச் சொன்னேன். அவன் கல்மண்டபத்திலிருந்து சைக்கிளை மிதித்து வந்து சேர்வதற்குள் லாரி வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது.

வந்தவன் பெட்டியின் மூடியைக் கழற்றினான். வரிசையில் முன்னால் நின்ற டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தல, எடமில்லன்றான் உன் மெஷினு? உள்ள என் டிபன் பாக்ஸ வெக்கிற அளவுக்கு காலியா கீதே!"

"அண்ணே, அது வேற எடம். நீங்க அப்பால போங்க."

"எனக்கு எந்த எடமா இருந்தா இன்னா? எண்ணூர்ல ஆளுங்க எறக்கறதுக்கு குந்திகினு கீறானுங்க. பேனாவால ஒரு சீட்டு கீசிக் குடுப்பா, பேஜாரு பண்ணாத."

நான் பழைய மாதிரி கையால் எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டே மச்சானைக் கேட்டேன்: "எடத்த யாரு அடச்சிகினு கீறாங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "டெய்லி சீட்டுக் கணக்கு சேந்து மிச்ச எடமும் ரொம்பிடுச்சு மாமா. மொதல்லேந்தே அடச்சிகினு கீறது கம்பைலரு. புரோகிராம் எழுதுனா கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி சமைச்சுத் தர்ற அடுப்பு. அப்பால டீபக்கர். தப்பு எங்க கீதுன்னு புடிச்சிக் குடுக்கற இடுக்கி. அதுங்களுக்குண்டான புஸ்தகம், மாதிரிங்க…"

"இங்க யாருப்பா புரோகிராம் எழுதறது? நான் சீட்டு தான எழுதறேன்?"

"யாரும் எழுதல."

"அப்ப எதுக்குப்பா அடுப்பு?"

அவன் ஸ்குரூ டிரைவரை வைத்து மேசையைச் சுரண்டினான். பிறகு சொன்னான்: "நான் மொத மொதல்ல ஒரு எடத்துக்கு அனுப்பற பொருளு மாமா இது. வெறுமனே தம்மாத்துண்டு புரோகிராம மட்டும் அனுப்புனா, ஒண்ணுமில்லாத வூட்லேந்து வந்துகீதுன்னு நெனைக்கமாட்டாங்களா? அதான் எங்கிட்ட கீற கருவி அத்தினியும் முகப்புல கட்டாயம்னு போட்டு அனுப்புனேன்."

அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை. சீரைக் குறை சொல்லி நான் பட்டது போதாதா?

"சரி, இந்த அடுப்ப மட்டும் தூக்குனா எடம் வருமா?"

"வரும்." அவன் ஏதோ தட்டினான். திரையில் ஒரு கேள்வி வந்தது, ஆமாவா இல்லையா என்று. வெளியே பத்து ஹாரன் ஒன்றாகக் கத்தின. அவன் படிக்காமல் ஆமாம் என்று தட்டிவிட்டான். கம்பைலர் போனது. டீபக்கர் போனது. புஸ்தகங்கள் போயின. கடைசியில் எடை புரோகிராமும் போய்விட்டது.

"ஐயோ மாமா!"

"இன்னாச்சு?"

"அடுப்பு கட்டாயம்னு நான் தான எழுதிகீறேன்? அது இல்லாத எடத்துல இதுவும் இருக்காதுன்னு லினக்ஸு அதையும் சேர்த்து அனுப்பிச்சிடுச்சு."

அம்மன் மேல் ஆணை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குங்குமப் பொட்டலத்தோடு மீன்பாடி வண்டியில் ஏறி உட்கார்ந்தவள்தான் கண் முன்னால் வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, "செட்டு" என்றேன்.

"இன்னா மாமா செட்டு? நானே நாளைக்கு ஐஸ் ஒடைக்கப் போறேன், நீ சிரிக்கிற!"

"திரும்பக் கூப்புட வேண்டியது தான?"

"கூப்டா இதும் கருவிங்களோட தான் வரும். மறுபடியும் எடம் ரொம்பிடும்."

அப்போது அண்ணாச்சி வந்துவிட்டார். வரிசையைப் பார்த்தார், என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்னவே, கற்பூரத்துல அடிச்சீரே?"

"எடைக்குத்தான் அண்ணாச்சி அடிச்சேன். இன்னிக்கும் எடை மாறல. சீட்டு தான் வரல."

அவருக்கும் சாமி பயம் உண்டு. சத்தியத்தில் சொல்லாததைச் சத்தியம் என்று சாதிக்க மனசு வரவில்லை. "நாளைக்கு பூஜை. லாரி கெடையாது. விஜயதசமிக்கு மொத லாரி ஏறும். அதுக்குச் சீட்டு பெட்டியில இருந்து வரணும். வரலேன்னா கயித்தக் கட்டித் தூக்கிட்டுப் போயிரச் சொல்லும்."

சாயங்காலம் மச்சானை வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் மனைவி சுண்டலுக்குக் கடலை ஊற வைக்க முறத்தில் எடுத்திருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மொத்தத்தையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கடலையில் கல் பொறுக்கினாள்.

"டேய், என் பீரோ எங்க கீது?"

"நம்ம வூட்ல."

"யாருது?"

"உன்னுது தான்."

"நான் வெறுங்கையோட வந்தேன்னு இந்தத் தெருவுல ஒருத்தன் சொல்லிகீறானா?"

"இல்ல."

"கல்யாணத்தன்னிக்கு நைனா இன்னா பண்ணாரு? பீரோ, கட்டிலு, அண்டான்னு பேரு சொல்லித் தான சபையில வெச்சாரு? பேரு சொன்னதோட மரியாத வந்துடுச்சுடா. தூக்கியாந்து அடைக்கணும்னு இல்ல. பட்டுப் பொடவ வேணும்னா நான் கல்மண்டபம் போய்த் தொறந்து எடுத்துகினு வரேன். சாவி எங்கிட்ட கீது." கழுத்திலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினாள். "உன் பொட்டலத்துல பேரு மட்டும் சொல்ற மாதிரி ஒண்ணும் கெடையாதா?"

மச்சான் நிமிர்ந்தான்.

"கீதுக்கா. கட்டாயம்னு ஒரு வரி. அதுக்குக் கீழ, இருந்தா நல்லதுன்னு இன்னொரு வரி. அதுல போட்டா பேரு மட்டும் காட்டும். கேட்டா தான் வரும். அத்த தூக்குனாலும் இது போவாது."

"அப்ப அந்த வரில போடேண்டா, தீவட்டி!"

ஒரு நாள் இருக்கிறது, வரியை மாற்றிப் பொட்டலத்தைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று கிளம்பினால் எனக்கு இன்னொன்று உறைத்தது. விடிந்தால் ஆயுத பூஜை. மாமனார் முந்தின ராத்திரியே கருவிகளைப் பூஜையில் அடுக்கிவிடுவார்; பூஜையில் வைத்த கருவியைத் தொடக்கூடாது. மச்சானின் கம்ப்யூட்டரோ கல்மண்டபத்தில் அவன் அப்பாவின் கண் எதிரே இருக்கிறது. மறுநாள் மூன்று பேரும் போனபோது நான் பயந்தபடியே இருந்தது. ஐஸ் உடைக்கும் கட்டைகள், கொக்கிகள், தராசு, அவற்றின் நடுவில் கம்ப்யூட்டர். திரை முழுக்கப் பட்டையாக விபூதி; கீபோர்டு மேல் ஒரு படி பொரி.

மாமனார் கையை நீட்டித் தடுத்தார். "இன்னிக்கு எந்தக் கருவியும் தொடக்கூடாது. ஆத்தா கோச்சுக்குவா. எதுவா இருந்தாலும் நாளைக்கு."

நாளைக்கு முதல் லாரி வந்துவிடும். எனக்கோ மாமனார் சொல்வதுதான் நியாயமாகவும் பட்டது. மனைவி முன்னால் போனாள்.

"நைனா, அவன் வேலை செய்யப் போறதில்ல. அங்க எடை மேடையில நாலு கருவிங்க சும்மா கெடந்து முழிச்சிகினு கீதுங்க. அதுங்களுக்கு லீவு குடுக்கப் போறான்."

மாமனார் யோசித்தார். சாமி படத்தைப் பார்த்தார். "வேலை வாங்கறதில்லயே?"

"இல்ல. ரெஸ்ட்டு."

"ரெஸ்ட்டுன்னா செரி. இன்னிக்கு அது தான் மொறை." அவரே பொரியை அள்ளி ஒதுக்கிக் கொடுத்தார்.

மச்சான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். கட்டாயம் என்ற வரியில் இருந்த பெயர்களை எடுத்துக் கீழ் வரியில் போட்டான். ஒரு பெயரையும் விடவில்லை. மீட்டரிலிருந்து எடை வாங்கவும் சீட்டு அச்சடிக்கவும் வேண்டியதை மட்டும் மேல் வரியில் விட்டான். எல்லாம் முடிந்து பொட்டலம் கட்டிப் பார்த்தால், ஒரு சி.டி.யை அடைத்துக்கொண்டு வந்தது இப்போது பிளாப்பி என்கிற சின்னச் சதுரத் தகட்டில் அடங்கிவிட்டது. அவன் முகம் கொஞ்சம் வாடியது. "இவ்ளோ தானா நானு?" என்றான்.

"பொண்ணு சின்னதா லட்சணமா கீது" என்று என் மனைவி பிளாப்பியைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்தாள். குழைத்த சந்தனத்தில் விரலைத் தொட்டாள்.

"அக்கா! ஓட்டையில வெக்காத! மூலையில, மூலையில!"

மூலையில் வைத்தாள்.

விஜயதசமி காலை. முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் மேடைக்கு முன்னால் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. மச்சான் பிளாப்பியைப் போட்டான். நான் டீ குடிக்கக் கிளம்பினேன். செருப்பை மாட்டுவதற்குள் ஏறி முடிந்துவிட்டது. அவனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் ஏதோ தப்பு என்றுதான் மனசு சொல்லும். அண்ணாச்சி கையில் கயிறே வைத்திருந்தார்.

முதல் லாரி ஏறியது. டிபன் பாக்ஸ் டிரைவர்தான். எடை வந்தது. மச்சான் பட்டனைத் தட்டாமல் என்னைத் தட்டச் சொன்னான். அம்மனை நினைத்துத் தட்டினேன். பிரிண்டர் ஒரு தடவை முனகியது. நின்றது. பிறகு கரகரவென்று சீட்டைத் துப்பியது.

டிரைவர் அதைக் கிழித்துப் பார்த்தார். "மெய்யாலுமே வந்துச்சுபா! எடம் கெடச்சிடுச்சா உனுக்கு?"

"ரொம்பவே கெடச்சிடுச்சுண்ணே" என்றான் மச்சான். சொன்ன கையோடு பலமாகத் தும்மினான். அன்றைக்கு ஐஸ் எதுவும் பக்கத்தில் இல்லை. அழுகையை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "பூசணிக்காய நேத்தே ஒடச்சாச்சுல்லா. இனி கண்ணு படாது. இருந்துட்டுப் போட்டும் வே" என்றார். அவருக்குத் தெரிந்த மற்ற மேடைகளுக்கும் அவரே மச்சானைக் கூட்டிப்போனார். எங்கே போனாலும் மச்சான் பிளாப்பியை மட்டும் கொடுப்பான். ரிப்பேர் என்று கூப்பிட்டால் கருவிகளை சி.டி.யில் கொண்டுபோய், ஏற்றி, வேலையை முடித்து, எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். எடை புரோகிராம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரவுசிங் சென்டரிலிருந்து அந்தப் பொட்டலத்தை அவன் ஊருக்கெல்லாம் பொதுவில் வைத்தான். எந்த ஊரோ, முகம் தெரியாத ஒருவர், தன்னிடமும் சின்ன ஹார்டு டிஸ்க்தான், கட்டாயப்படுத்தாமல் விட்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். அதை மாமனாருக்குப் படித்துக் காட்டினோம். "வெறுங்கையோட போனதுக்கு நன்றி சொல்றானா? இன்னா ஊருப்பா அது!" என்றார்.

பிற்பாடு மச்சானுக்குப் பெண் பார்க்கப் போனோம். பேச்சு நல்லபடியாக முடிந்து, பெண்ணின் அப்பா முறைப்படி கேட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று. மாமனார் தொண்டையைச் செருமினார். அவர் பேசுவதற்குள் மச்சான் சொல்லிவிட்டான்:

"பொண்ணு மட்டும் கட்டாயம் மாமா. மத்ததெல்லாம் பேரு சொன்னா போதும்."

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. என் மனைவி மட்டும் கழுத்துச் சாவியைத் திருகிக்கொண்டு சிரித்தாள். நான் இன்றைக்கும் காலையில் விழுந்து கும்பிடுகிறேன். தரை இருக்கிறது. அவளும் இருக்கிறாள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது அம்மன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கடைசியாக ஒன்று. லினக்ஸோடு ஒரு நிபந்தனைத் தாள் வருகிறது. மச்சான் படித்துச் சொன்னான். புரோகிராமை யார் வேண்டுமானாலும் மாற்றலாமாம். அந்தத் தாளை மட்டும் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்கலாமாம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நான் எழுதியதையும் அப்படியே நாலு பேருக்குக் கொடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பீரோ ஆறரை அடிதான். எடை மாறாது என்று கற்பூரத்தில் அடித்தவன் கேட்கிறேன்.